எங்கள் வீட்டில் சேவல் இல்லை

3 மார்ச் 2025, திங்கள்

சித்தூர் டாக்டர் இந்த நோட்டை வாங்கச் சொன்னார். தினமும் மூன்றே விஷயம் எழுத வேண்டுமாம். என் மகள் மங்கை எப்படி இருமினாள், விரலில் மாட்டுகிற மெஷினில் ஆக்ஸிஜன் நம்பர் எவ்வளவு, என்ன சாப்பிட்டாள். வேறெதுவும் எழுத வேண்டாம் என்றார். எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கை ஊறும். அங்கன்வாடியில் பதினோரு ரிஜிஸ்டர் எழுதுகிறேன், எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சமாசாரம். இது ஒன்றாவது என் வீட்டுச் சமாசாரமாக இருக்கட்டும்.

இருமல்: வறட்டு இருமல், எண்ணி முடியவில்லை. நம்பர்: 93. சாப்பாடு: ஒரு இட்லி. அதிலும் பாதியை நாய் தின்றது என்று எனக்குத் தகவல்.

5 மார்ச்

பஃப் கொடுத்திருக்கிறார்கள். வீசிங்காம். வாயில் வைத்து அழுத்தி, இழுத்து, உள்ளே நிறுத்த வேண்டும். மங்கை இழுப்பதற்குள் சிரித்துவிடுகிறாள், சிரித்தால் இருமல். “இதுல இன்னா கஷ்டம், நைனாவப் பாரு” என்று இவர் தானே இரண்டு முறை இழுத்துக் காட்டினார். அப்புறம் மத்தியானம் வரை கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று கட்டிலில் சாய்ந்திருந்தார். மங்கைதான் விசிறினாள்.

நம்பர்: 92. (இவருக்கும் மாட்டிப் பார்த்தேன். 99. நடிப்பு.)

11 மார்ச்

இவரைப் பற்றி எழுதாமல் இந்த வீட்டைப் பற்றி எழுத முடியாது. பெயர் தாமோதரன். நோட்டில் எழுதினால் ஆயுசு ஒன்றும் குறையாது. பகலில் கரும்புத் தோட்டம், மற்ற நேரமெல்லாம் சேவல். ஐந்து சண்டைச் சேவல்கள். கேழ்வரகு, பாதாம் பருப்பு, வேகவைத்த முட்டை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு எண்ணெய் வைத்துவிட்டதில்லை, எழுதி வைக்கிறேன்.

ஐந்தில் பெரியவனுக்கு எம்.எல்.ஏ. என்று பெயர். வருஷம் முழுக்கத் தீனி போட வேண்டும், சங்கராந்திக்கு ஒரு நாள்தான் வேலை.

இந்த ஜனவரியில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, சேவல் வளர்க்க மாட்டேன், பந்தயத்துக்கு விட மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஊரில் பதினாறு பேரிடம் வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, கொல்லையில் இருந்த ஐந்தையும் பின்னறைக்குள் கொண்டுவந்து கூடை போட்டு மூடினார். ஜன்னலையும் அடைத்தாகிவிட்டது. அது மங்கை படுக்கிற அறை. அவளுக்கு ஒரே குஷி. எம்.எல்.ஏ.வைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாள். கையைக் கீழே தொங்கவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே தூங்குகிறாள்.

அறையைப் பெருக்குகிறவள் நான். பெருக்கும்போதெல்லாம் எனக்குத்தான் தும்மல்.

24 மார்ச்

இன்று அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். இருபத்திமூன்று பிள்ளைகளையும் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, கோடு இழுத்து முடித்தேன். எடை குறைந்த பிள்ளையின் அம்மாவை நிறுத்தி வைத்துப் பத்து நிமிஷம் பேசினேன், “பிள்ளைக்கு இன்னா குடுக்கிற, நீ இன்னா பண்ணிக்கினு இருக்கிற” என்று. அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மங்கையையும் சும்மா ஏற்றிப் பார்த்தேன். பத்து வயசு. தீபாவளிக்கு இருபத்தேழு கிலோ. இன்றைக்கு இருபத்திநாலு.

எனக்கு யார் பத்து நிமிஷம் பேசுவது?

7 ஏப்ரல், திருப்பதி

பஃபுக்குக் கேட்கவில்லை, மாடி ஏறினால் நம்பர் 84க்குப் போகிறது என்று சித்தூரில் கைவிரித்து, இங்கே எழுதிக் கொடுத்தார்கள். புத்தூர் வழியாக வந்து சேர்ந்தோம். டாக்டர் பத்மாவதி. குள்ளமான அம்மாள், குரல் மட்டும் மைக் செட். முதலில் நெஞ்சைப் பார்க்கவில்லை, மங்கையின் நகத்தைப் பார்த்தார். நகம் உருண்டு உப்பியிருக்கிறது என்றார். நான் தினமும் பார்க்கிற விரல், எனக்குத் தெரியவில்லை.

சி.டி. எடுத்தார்கள். படத்தில் நுரையீரல் முழுக்கப் பனி மூட்டம். அவர் தெலுங்கில் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். நுரையீரலுக்குள்ளே கோடிக்கணக்கில் குட்டிக் காற்றுப் பைகள் இருக்கின்றன. பைக்கும் பைக்கும் நடுவில் மெல்லிசான சுவர். மங்கைக்கு அந்தச் சுவர் வீங்கிவிட்டது, அதனால் காற்று ரத்தத்துக்குள் போக முடியவில்லை. இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ் என்று பெயர். அதிலேயே நூறு வகை இருக்கிறதாம், குழந்தைகளுக்கு வருவது அபூர்வமாம்.

சுவர் என்றதும் இவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “சுவர்தானே மேடம், சரி பண்ணிடலாம்” என்றார். மேடம் சிரிக்கவில்லை. வீக்கமாக இருக்கும்போதே காரணத்தைக் கண்டுபிடித்தால் வற்றிவிடும், நாளாக ஆக இறுகிப்போகும், இறுகின இடம் திரும்ப இளகாது என்றார். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. நாற்காலி காலியாக இல்லை.

அப்புறம் ஒரு பெரிய ஃபாரத்தை எடுத்துக் கேள்வி கேட்டார். வீட்டில் அடுப்பு என்ன, கூலர் உண்டா, வைக்கோல் எங்கே போடுகிறீர்கள். கடைசியில், “புறா, கோழி ஏதாவது?”

“லேவு மேடம்” என்றார் இவர். இல்லவே இல்லை. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். பேனா கையில் இருக்கிறது, ஃபாரத்தில் எங்கள் ஊர், மண்டலம், ஆதார் நம்பர் எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு மூன்று மாசம் ஆகவில்லை. இவர் நைனா காலம் வரை கூலி வேலை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன குடும்பம். எழுத்து எங்கே போகும், யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கோ அங்கன்வாடி சூப்பர்வைசர் பயம் வேறு.

நானும் இல்லை என்று தலையாட்டினேன். கோழி இல்லாத வீடு எங்கள் ஊரில் எது, எல்லாப் பிள்ளைகளுமா இருமுகிறார்கள்?

மங்கை வாயைத் திறந்தாள். இவர் அவள் வாயில் பிஸ்கட்டை வைத்தார்.

15 ஏப்ரல்

ஆஸ்பத்திரியில் சேர்த்து எட்டு நாள் ஆகிறது. ஆக்ஸிஜன் தவிர வேறு மருந்தே ஆரம்பிக்கவில்லை, டெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம்பர் 95. இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. காலையில் இரண்டு தோசை தின்றுவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். மானம் போச்சு, ஆனால் சந்தோஷம்.

19 ஏப்ரல்

வீடு. மங்கை செருப்பைக் கழற்றாமல் நேராகப் பின்னறைக்குப் போய் எம்.எல்.ஏ.வைத் தூக்கிக்கொண்டாள். “நான் இல்லாம இளைச்சிப் பூட்டான்மா.”

22 ஏப்ரல்

நம்பர்: 93.

26 ஏப்ரல்

90. ஐயோ கடவுளே.

28 ஏப்ரல்

மேடத்துக்கு போன் போட்டேன். “அங்கே வந்தால் சரியாகிறது, வீட்டுக்குப் போனால் வருகிறது. அப்படியானால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது அம்மா. யோசித்துப் பாருங்கள்” என்றார்.

வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்பதை இவர் ஊருக்குள் சொன்னார். மத்தியானமே பக்கத்து வீட்டு சென்னம்மா, வாஸ்து பார்க்கும் நாகபூஷணத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வீட்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றினார். இரண்டு முறை நிலைப்படியில் இடித்துக்கொண்டார். குழந்தை படுக்கிற அறையில் ஜீவன் குறைவு, உயிருள்ளது ஏதாவது வையுங்கள், துளசியானாலும் சரி என்றார்.

“அஞ்சு ஜீவன் கீதே சாமி” என்று இவர் கூடையைத் திறந்து காட்டினார். நாகபூஷணம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியானால் கக்கூஸ் கதவை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இன்றைக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இல்லாதது, வீட்டில் இருப்பது எது? எண்ணிப் பார்த்தேன். அப்புறம் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். நிறுத்திக்கொண்டேன் என்பதைத்தான் எழுத வேண்டும்.

12 மே

மேடம் வீட்டை வீடியோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். முக்கியமாக அவள் படுக்கிற அறையை.

காலையிலிருந்து கல்யாண வீடு மாதிரி வேலை. ஐந்து சேவலும் சென்னம்மா வீட்டுக்குப் போயின. அறையை மூன்று முறை ஃபினாயில் போட்டுத் துடைத்தேன். கட்டிலுக்குப் புதுப் போர்வை. சென்னம்மா வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பூ ஜாடியை வாங்கி வந்து ஜன்னலில் வைத்தோம். மங்கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அம்மா, நம்ம வீடு எங்க?” என்றாள்.

இவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வேறு பேசினார். “இது சுத்தமான அறை. இது சுத்தமான கட்டில். இது சுத்தமான மனைவி.”

15 மே, திருப்பதி

எழுதும்போதே சிரிப்பாகவும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

மேடம் வீடியோவை மேஜை மேல் வைத்துப் போட்டார். சுத்தமான அறை, சுத்தமான கட்டில், நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். அப்போது சென்னம்மா வீட்டிலிருந்து, கணீரென்று, கொக்கரக்கோ. மூன்று தரம். எம்.எல்.ஏ. குரல், சந்தேகமே இல்லை. பிரிந்திருக்கப் பிடிக்காமல் கூவியிருக்கிறது.

மேடம் வீடியோவை நிறுத்தினார். “இது என்ன?”

“ரிங்டோன் மேடம்” என்றார் இவர்.

மேடம் ஃபாரத்தில் இருந்த நம்பரைப் பார்த்துத் தன் செல்போனிலிருந்து போட்டார். இவர் சட்டைப் பையில் இருந்து பெருமாள் பாட்டு வந்தது. அது பாட்டுக்கு ஒரு வரி, இரண்டு வரி பாடியது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் இருந்த செக்யூரிட்டி என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தான். காக்கி உடுப்பைப் பார்த்ததும் இவர் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார், விலங்கு போடுங்கள் என்று.

“அஞ்சு சேவல் கீது மேடம். கொழந்த ரூம்லதான் கீது. என் மேலதான் தப்பு, அவ மேல கேஸ் வேணாம்.”

“நானும்தான் மேடம் பொய் சொன்னேன்” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “அவர் பயத்துல சொன்னார். எனக்குத் தெரியும், தெரிஞ்சே சொன்னேன்.”

மேடம் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். “நான் போலீஸ் இல்லை. எனக்கு அந்தச் சேவல் யாரோடு சண்டை போடுகிறது என்று தெரிய வேண்டாம். உங்கள் குழந்தையின் நுரையீரலோடு போடுகிறதா என்றுதான் தெரிய வேண்டும்” என்றார். இறகுத் தூசி, காய்ந்த எச்சத் தூசி, இதை மங்கையின் உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில்தான் சுவர் வீங்குகிறது என்றார். எல்லாருக்கும் வராதாம். நூறு பேர் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்றால் ஒருத்தருக்கு அரிக்கிற மாதிரியாம். இவளுக்கு வந்திருக்கிறது.

ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை இன்றே ஆரம்பம். சேவல் இன்றே வெளியே. “ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால்” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியது எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

17 மே

நான்கு சேவல்களை இவர் கூட்டாளிகள் வந்து வாங்கிப் போனார்கள். எம்.எல்.ஏ.வை மட்டும் வெளியாள் கையில் கொடுக்க மாட்டேன் என்றார். பலமனேரில் என் அண்ணன் கிருஷ்ணப்பாவுக்குத் தக்காளித் தோட்டம் இருக்கிறது, அங்கே விடலாம் என்று முடிவு.

மங்கை கட்டிலை விட்டு இறங்கவில்லை. “எம்.எல்.ஏ. பூட்டா நானும் பூடுவேன். எனக்கு இருமல் இருந்தா இருந்துட்டுப் போவட்டும், உங்களுக்கு இன்னா?” மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். இவர் சாக்குப் பையோடு வாசலில் நின்றார், உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. அப்புறம் அவளிடம், “உன்னை அனுப்ப முடியாது கண்ணு, அவன அனுப்பலாம்” என்றார். இந்த மனுஷனுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

சித்தூரில் பஸ் மாறும்போது சேவல் பையிலிருந்து கழுத்தை நீட்டிக் கண்டக்டரைக் கொத்தியதாம். அதைச் சொல்லும்போதும் அழுதார்.

நான் பின்னறையை ஈரத்துணியால் துடைத்து, மெத்தையை எரித்து, சுண்ணாம்பு அடித்தேன். வாயில் துணி கட்டிக்கொண்டு. மங்கை கொஞ்ச நாள் என் தங்கை வீட்டில்.

9 ஜூன்

சென்னையிலிருந்து ரிசல்ட் வந்தது. கோழிதான். நம்பர்: 95.

2 ஜூலை

ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்கிறது. எப்படி என்றால், காலை ஆறு மணிக்கு எழுந்து “துன்ன இன்னா கீது?” நாலு இட்லி. எட்டு மணிக்கு மறுபடி. முகம் வட்டமாக ஊதிவிட்டது. மாத்திரையால் வந்த வீக்கம், குறைக்கும்போது போய்விடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். இதை ஊரில் யாருக்குப் புரியவைப்பது? “கன்னம் எப்படி பளபளன்னு கீது, இன்னா டானிக் குடுக்கிற, எங்க பொண்ணுக்கும் எழுதிக் குடு” என்று தினமும் நாலு பேர். அங்கன்வாடி டீச்சர் தன் பிள்ளைக்கு மட்டும் தனி சத்துமாவு வைத்திருக்கிறாள் என்றுகூட ஒரு பேச்சு.

சென்னம்மா திருஷ்டி கழிக்கிறேன் என்று மிளகாய் வற்றலும் உப்புமாக நெருப்புச் சட்டியோடு வந்தாள். புகை வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு குடம் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிவிட்டேன். பாதி அவள் மேல். மூன்று நாளாகப் பேசவில்லை.

நம்பர்: 97. தொண்ணூற்றேழு! இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன். 97.

21 ஜூலை

மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். 97.

11 ஆகஸ்ட், திங்கள்

94. இருமல் திரும்பி வந்திருக்கிறது.

25 ஆகஸ்ட், திங்கள்

93. மாத்திரையைக் குறைத்ததால் இருக்குமோ என்று மேடம் கேட்டார். வீட்டில் ஏதாவது மாற்றமா என்றும் கேட்டார். இல்லை மேடம், சத்தியமாக இல்லை. நம்புங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

27 ஆகஸ்ட்

அங்கன்வாடியில் ஒரு வளர்ச்சி அட்டை மிச்சம் இருந்தது. பிள்ளைகளுக்கு எடைக் கோடு போடுகிற அட்டை. எடைக்குப் பதிலாக ஆக்ஸிஜன் நம்பரை வைத்து, இந்த நோட்டைப் பார்த்து, தேதி தேதியாகப் புள்ளி வைத்தேன். கோடு இழுத்தேன். பார்த்தால் பல் வரிசை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு திங்களும் இறங்குகிறது. வியாழன் வெள்ளியில் ஏறுகிறது. மறுபடி திங்கள் இறக்கம். நாலு வாரம், நாலு பள்ளம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இவர் உர மூட்டை பார்க்க சித்தூர் போகிறார். மாலை வந்ததும் மங்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். நாலு வாரமாகப் போகிறார், உர மூட்டை ஒன்றுகூட வீட்டுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

பலமனேருக்கு போன் போட்டேன். “அண்ணே, மச்சான் அங்க வந்துக்கினு இருக்காரா?” என் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, எங்கள் குடும்பத்தில் அந்தத் திறமை எனக்கு மட்டும்தான். “வாரா வாரம் வரார்மா. சேவல மடியில வச்சிக்கினு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

அட்டையை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். பள்ளம் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளை, மூன்றாம் தேதி, பத்தாம் தேதி, பதினேழாம் தேதி, இருபத்துநாலாம் தேதி என்று சொன்னேன். போலீஸ்கூட இப்படிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

“சட்டையில ஒட்டிக்கினு வருமா?” என்றார்.

“ஒட்டிக்கினு வருதே, பாருங்க.”

அட்டையைக் கையில் எடுத்தார். “அவனப் பாக்காம இருக்க முடியலடி. ஆனா இத நான் பண்ணேனா? என் கையாலயா?” என்றார். திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். ஏப்ரலில் நான் தலையாட்டியதற்கு இப்படி அட்டை போட்டால் எத்தனை பள்ளம் வரும்?

31 ஆகஸ்ட், ஞாயிறு

இவர் எங்கும் போகவில்லை. அண்ணனுக்கு போன் போட்டு, சேவலை யாராவது நல்ல கைக்குக் கொடுத்துவிடு, யாருக்கு என்று என்னிடம் சொல்லாதே என்றார். பலமனேர் போய் வந்த சட்டை, லுங்கி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். அதில் போன பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சட்டையும் ஒன்று. கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

8 செப்டம்பர்

திங்கள். 96.

17 செப்டம்பர், திருப்பதி

ஆறு நிமிஷ நடை டெஸ்ட். ஆஸ்பத்திரி வராந்தாவில் கோடு போட்டு, ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பார்க்கிறார்கள். ஏப்ரலில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு இவர் கூடவே நடந்தார். பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது. இவரா? “கழுத்தத் தூக்கு! தோள வுடு! அடி வையி, அடி வையி! அவ்ளோதான், ரெக்கைய விரி!” பத்து வருஷம் சேவலைப் பழக்கினவர், வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? நர்ஸ் இவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தபடியே கையைத் தட்டினார்.

நானூற்றுப் பத்து மீட்டர். நடந்து முடித்ததும் நம்பர் 94.

6 நவம்பர், திருப்பதி

மறுபடி சி.டி. பனி கலைந்துவிட்டது. படத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. ஆனால் இடது பக்கம் அடியில் ஒரு மூலையில் வெள்ளைக் கீற்று. அது என்ன மேடம் என்றேன். “அது இறுகிப்போன இடம். அப்படியே இருக்கும். சின்னதுதான், மீதி நுரையீரல் பார்த்துக்கொள்ளும். வளரவிடாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார்.

ஏப்ரல் ஏழு முதல் மே பதினைந்து வரை. முப்பத்தெட்டு நாள். அந்த மூலை என்னுடையது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேட்டபோது மேடம், “எந்த நாளில் இறுகியது என்று எந்தப் படத்திலும் தெரியாது அம்மா” என்றார். நல்ல மனுஷி. பஸ்ஸில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு புத்தூர் வரை அழுதேன். மங்கை என் பையில் இருந்த முறுக்கைத் தின்று தீர்த்துவிட்டாள்.

3 டிசம்பர்

நம்பர்: 97. எடை: முப்பது கிலோ. கன்னம் வற்றிவிட்டது. “இன்னா டீச்சர், பொண்ணு இளைச்சிப் பூட்டா?” என்று அதே நாலு பேர்.

10 ஜனவரி 2026, சனி

இரண்டாம் சனி, பள்ளிக்கூடம் லீவு. கஞ்சி வடிக்க வைத்திருந்தேன். சங்கராந்தி வருகிறது என்று கான்ஸ்டபிள் ஹரிபாபு லிஸ்ட்டோடு வந்துவிட்டார். போன வருஷம் கையெழுத்துப் போட்ட பதினாறு பேர் வீட்டையும் பார்க்க வேண்டுமாம்.

“சேவல் எங்கேம்மா?”

“இல்ல சார்.”

சிரித்தார். “காலையிலேர்ந்து பதினோரு வீடு பார்த்தேன். பதினோரு வீட்டிலும் இல்லை. அப்புறம் பதினெட்டு சேவல் பிடித்தேன்” என்றார். நிஜம்தான், சட்டை முழுக்க இறகு. தோளில் ஒன்று, தொப்பியில் ஒன்று. உள்ளே வரக் காலை எடுத்து வைத்தார். நான் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

“உள்ள வரக்கூடாது. இறகுத் தூசி ஆவாது. குளிச்சிட்டு வேற சட்டை போட்டுக்கினு வாங்க, வீடு முழுக்கத் தேடுங்க.”

பதினெட்டு வருஷ சர்வீஸில் சோதனைக்கு முன்னால் குளிக்கச் சொன்ன வீடு இதுதான் என்றார். இப்படித் தடுத்தால் உள்ளே குறைந்தது பத்து இருக்கும் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. சென்னம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, “அந்த வீட்ல கோழி முட்டை கூட கடையிலதான் சார் வாங்கறாங்க” என்று எனக்காகப் பேசினாள். பொய் சொன்னபோது ஆஸ்பத்திரியே நம்பியது. நிஜத்தைச் சொல்கிறேன், போலீஸ் நம்பவில்லை.

“மங்கை, போயி நைனாவக் கூட்டிக்கினு வா” என்று கத்தினேன். துடைப்பத்தை இறக்காமல், ஒரு கையால் ஃபைலை எடுத்து வாசலில் விரித்தேன். ரத்த ரிசல்ட், சி.டி. படம், பல் வரிசை அட்டை. ஹரிபாபு முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டு, தானாகவே நாலடி பின்னால் போனார்.

அப்போது மங்கை வந்துவிட்டாள். “நைனா மோட்டார நிறுத்திட்டு வந்துக்கினு கீறாரு, போலீஸ் சார நிக்கச் சொன்னாரு, அடிக்க வேணாம்னாரு, அம்மா கஞ்சி பொங்கி அடுப்பு அணைஞ்சிப் பூட்ச்சி பாரு.” சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள். நான் அடுப்பைப் பார்க்க ஓடினேன். ஹரிபாபு லிஸ்ட்டில் எங்கள் பெயரை அடித்துவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் கழித்து இவர் வந்தார். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. “போலீஸ் பூட்டானா?” என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், “அவ எப்ப வந்தா?” என்றார்.

“அப்பவே வந்துட்டா.”

“ஏரிக்கரை வரைக்கும் பின்னாடியே வந்தேன். என்னால புடிக்க முடியல.”

மோட்டார் கொட்டகை ஏரிக்கரையைத் தாண்டி இருக்கிறது. முக்கால் மைல். போக முக்கால், வர முக்கால். வந்து நின்று அத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி தெருவுக்குப் போயிருக்கிறாள். நான் கஞ்சியைப் பார்த்திருக்கிறேன், ஃபைலைப் பார்த்திருக்கிறேன், போலீஸைப் பார்த்திருக்கிறேன்.

“ஓடினாளா?” என்றேன்.

“ஓடினா.”

இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், நான் முந்தானையால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. தெரு முனையிலிருந்து மங்கை வந்து எங்கள் முன்னால் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னாத்துக்கு ரெண்டு பேரும் அழுவறீங்க, போலீஸ் அடிச்சிட்டாரா?”